பெருமாள்மலையில் இறங்கிய அக்காவுக்கு

சென்ற மாதம் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறிய பஸ்ஸில், என் ஆறு வயது மகள் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். மடியில் அவள் தம்பி தூக்கத்தில். தண்ணீரோ மேலே பைக்குள். (மலை ஏறும் முன் வயிறு முட்டப் பூரி கொடுத்தது என் புத்தி.) கை ஓடாமல் தவித்தபோது நீங்கள் எழுந்து வந்தீர்கள். உங்கள் ஜன்னலோர இருக்கையில் அவளை உட்கார வைத்து, எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே பிடித்தீர்கள். “ரோட்டைப் பார்க்காதே கண்ணு, தூரத்து மலையைப் பார்” என்றீர்கள். பத்தே நிமிடத்தில் முகம் தெளிந்துவிட்டது.

குளிரில் நடுங்கியவளுக்குச் சால்வையைப் போர்த்திவிட்டு, மலைப்பூண்டு மூட்டையோடு பெருமாள்மலையில் இறங்கிவிட்டீர்கள். உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வெள்ளி அருவி தாண்டிய பிறகுதான் சால்வையின் நினைவே வந்தது.

1863-இல் உருவாக்கிய ஏரியில் படகு, கரையைச் சுற்றிச் சைக்கிள், எல்லாம் ஆயிற்று. மகள் ஊரில் சொல்லித் திரிவதென்னவோ ‘எலுமிச்சைப் பெரியம்மா’ கதையைத்தான்.

மிக்க நன்றி அக்கா. சால்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இரண்டு முறை துவைத்தும் பூண்டு வாசம் போகவில்லை.