வீராணத்தின் நீர்மட்டத்தோடு நீரின் தரமும் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீராணம் ஏரியின் நீர்மட்டம் எத்தனை அடி, கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து ஏரிக்கு நீர் கொண்டுவரும் வடவாற்றில் வரத்து எவ்வளவு, சென்னைக் குடிநீருக்கு எத்தனை கன அடி அனுப்பப்படுகிறது என்ற விவரங்களைத் தாங்கள் தொடர்ந்து வெளியிட்டு வருவது என்னைப் போன்ற பாசன விவசாயிகளுக்குப் பெரிதும் பயன்படுகிறது. அந்தத் தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அதே அக்கறையோடு அளக்கப்பட்டு மக்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட இந்த ஏரி, நீர்மட்டம் முழு அளவான 47.50 அடியை எட்டினால் 1,465 மில்லியன் கன அடி நீரைத் தாங்கும். ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் இதை நம்பியிருக்கிறது. 2004 முதல் சென்னை மக்களும் இந்த நீரைக் குடிக்கிறார்கள்.

வரத்து குறைந்து வெயில் ஏறும் மாதங்களில் லால்பேட்டைப் பக்கம் கரையில் நின்று பார்த்தால், காற்று ஒதுக்கித் தள்ளிய பாசி, பச்சைச் சாயத்தைக் கரைத்துக் கொட்டியது போல மதகை ஒட்டித் திரண்டிருப்பதையும், கல்லில் படிந்து காய்ந்த இடங்களில் அது வெளிர் நீலமாக மாறியிருப்பதையும் காணலாம். அவ்வாறு நீலம் பாரிப்பது பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசிக்கு உரிய அடையாளம். அவ்வகைப் பாசிகளுள் சில, கல்லீரலைத் தாக்கும் நச்சை உண்டாக்கக்கூடியவை. அந்த நச்சு தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் நீங்குவதில்லை. வீராணத்தில் இருப்பது அந்த இனம்தான் என்று நான் கூறவில்லை. ஆய்வகம்தான் அதைச் சொல்ல வேண்டும். பாசி நச்சற்றதாகவே இருந்தாலும், அது மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து, முதலில் பாதிக்கப்படுவது மீன்களும் அவற்றை நம்பி வலை வீசும் குடும்பங்களும்தான்.

பாசியும் ஆகாயத்தாமரையும் இவ்வளவு செழிப்பதற்குக் காரணம், வயல்களின் உரமும் ஊர்களின் கழிவுநீரும் கொண்டுவந்து சேர்க்கும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஆகும். மழைக்காலத்தில் அரியலூர் மாவட்டத்து மேட்டு நிலங்களிலிருந்து செங்கால் ஓடை செந்நிறமாகப் பெருகி வரும்போது வண்டல் மட்டும் வருவதில்லை. மண் துகளோடு ஒட்டிக்கொண்டு மணிச்சத்தும் வந்து ஏரியின் அடியில் தங்கிவிடுகிறது. வண்டல் ஏற ஏற ஆழம் குறைகிறது, ஆழம் குறைந்த நீர் விரைவில் சூடாகிறது, காற்றடித்தால் அடிச்சேறு கலங்கி, தங்கிய சத்து மீண்டும் நீரில் கலக்கிறது. ஆகவே தூர்வாருவதைக் கொள்ளளவுப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. அகற்றிய ஆகாயத்தாமரையைக் கரையிலேயே குவித்து வைப்பதும் வீண் வேலைதான். அடுத்த மழையில் அதன் சத்து ஏரிக்கே திரும்பிவிடும். அதை அப்புறப்படுத்தி மட்கு உரமாக்கினால் எங்கள் வயலுக்கே உதவும்.

நீர்வளத்துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இணைந்து, வடவாறு வந்து சேரும் இடம், செங்கால் ஓடையின் முகத்துவாரம், சென்னைக்கு நீர் எடுக்கும் மதகு ஆகிய மூன்று இடங்களிலாவது மாதம் ஒருமுறை கரைந்த ஆக்சிஜன், மணிச்சத்து, நைட்ரேட், பாசியின் அளவு ஆகியவற்றைச் சோதித்து வெளியிட வேண்டும். ஆக்சிஜனை விடியற்காலையில் அளப்பது அவசியம். இரவில்தான் அது மிகவும் குறையும், நண்பகலில் எடுக்கும் அளவு நம்மை ஏமாற்றிவிடும். செங்கால் ஓடை ஏரியில் கலப்பதற்கு முன்பே வண்டலைத் தடுத்து நிறுத்தும் படிவுக் குட்டைகளை அமைப்பது குறித்தும் அரசு பரிசீலிக்க வேண்டும். நீர்த்தரச் சோதனை முடிவுகள் வெளிவரத் தொடங்கும்போது, நீர்மட்டச் செய்திக்குப் பக்கத்திலேயே அவற்றுக்கும் தங்கள் நாளிதழில் இடம் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீராணம் பாசன விவசாயி ஒருவர்,
காட்டுமன்னார்கோயில் வட்டம், கடலூர் மாவட்டம்.