மென்பொருள் சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுத் துறைகளும் வங்கிகளும் தங்கள் இணையதளம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது என்று அறிவிக்கும் முன், பார்வையற்றவர்களிடம் அதைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். இணையதளம் அமைக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை வற்புறுத்துகிறேன்.

பெரும்பாலும் சோதனை மென்பொருள் ஒன்று பிழையில்லை என்று காட்டியதும் வேலை முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையவில்லையா என்பதை அது அளந்துவிடும். ஆனால் படத்துக்கு 'படம் 1' என்று விளக்கம் எழுதியிருந்தாலும் சரி என்றே சொல்லும்.

பாலக்காடு மாவட்டத்தில் உள்ள எங்கள் சித்தூர் வட்டாரத்தில் மலையாளமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் கலந்து வருவதுண்டு. எந்தப் பகுதி எந்த மொழி என்று நிரலில் குறிக்காவிட்டால், திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்க முயன்று திணறும், அல்லது அந்த வரிகளை விட்டுவிட்டு மேலே போய்விடும். ஸ்கேன் செய்து ஏற்றப்படும் அறிவிப்புகளோ அதற்கு வெறும் படங்கள்தாம்.

பார்வையற்ற என் அத்தை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது அருகில் இருந்தேன். போன் கட்டத்துக்குக் கட்டம் 'எடிட் பாக்ஸ்' என்று மட்டுமே சொன்னது; கேட்பது பெயரா, ஆதார் எண்ணா என்று அவருக்குத் தெரியவில்லை. திரையில் தெரியும் தலைப்பைக் கட்டத்தோடு இணைக்க ஒரு வரி நிரல் போதும், அதைக்கூட யாரும் எழுதவில்லை. இறுதியில், விண்ணப்பிப்பவர் மனிதர்தானா என்று சோதிக்க வந்த கேப்ட்சா என்ற எழுத்துப்படத்துக்கு ஒலிவடிவம் இல்லாததால், நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கு விவரத்தைப் பிறர் கையில் கொடுத்துத்தான் விண்ணப்பிக்க முடியும் என்ற நிலை, படித்து வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு எவ்வளவு பெரிய அவமதிப்பு!

இணையவழிச் சேவைகளைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 2016 முதலே இருக்கிறது.

தளத்தை அமைப்பவர்களுக்கும் சிரமம் உண்டு. கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் ஒழுங்காகப் படிக்கும் பட்டியலை ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வேறு விதமாகப் படிக்கும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். இத்தனையையும் பார்க்க ஒப்பந்தத்தில் நாளும் ஒதுக்குவதில்லை, பணமும் ஒதுக்குவதில்லை. என்விடிஏ இலவசமாகவே கிடைப்பதால் கருவிக்குச் செலவு என்ற பேச்சுக்கே இடமில்லை. செலவெல்லாம் மனித உழைப்புக்குத்தான். ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, தமிழும் மலையாளமும் அறிந்த பார்வையற்ற சோதனையாளர்களுக்கான ஊதியத்தைத் தனியாக ஒதுக்கி, அவர்கள் அன்றாடம் வைத்திருக்கும் போனிலேயே விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் ரசீது வரை முடித்துக் காட்டிய பிறகே இறுதித் தவணையை வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.