நஷ்டக் கணக்கையும் மாதாமாதம் வெளியிடுங்கள்: செபிக்கும் மும்பையின் இரு பங்குச்சந்தைகளுக்கும் ஒரு திறந்த மடல்

பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், தேசியப் பங்குச்சந்தை, மும்பை பங்குச்சந்தை நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வருமான வரிக் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. உங்கள் சந்தையில் நடப்பதை நீங்கள் பாந்த்ரா குர்லாவிலும் தலால் தெருவிலும் உட்கார்ந்து திரையில் பார்க்கிறீர்கள். எனக்கு அது ஐடிஆர்-3 படிவத்தில்தான் தெரிகிறது. முன்பெல்லாம் எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்கிற ஒப்பந்த வர்த்தகக் கணக்கோடு எங்களிடம் வருகிறவர்கள் அபூர்வம். வந்தாலும் பனியன் கம்பெனி முதலாளிகளாக இருப்பார்கள். இப்போது அந்தக் கம்பெனிகளில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிற பையன்கள் வருகிறார்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வேண்டியது ஒரே ஓர் அட்டவணை. மாதந்தோறும் செபி புல்லட்டின் வெளியிடுகிறீர்கள். அதில் எத்தனை கான்ட்ராக்ட் கைமாறியது, எத்தனை கோடி விற்றுமுதல், எந்தச் சந்தையின் பங்கு எவ்வளவு என்று பக்கம் பக்கமாக அட்டவணை இருக்கிறது. அவற்றோடு இன்னொன்றையும் சேருங்கள். அந்த மாதம் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்கள் எத்தனை பேர், அவர்களில் நஷ்டப்பட்டவர்கள் எத்தனை பேர், மொத்த நஷ்டம் எவ்வளவு, கட்டணமாகவும் வரியாகவும் போனது எவ்வளவு, எதிர்ப்பக்கம் லாபம் பார்த்தவர்கள் யார் யார். இந்த ஐந்து விவரம் போதும். தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் போடுங்கள்.

நஷ்டக் கணக்கை நீங்கள் வெளியிட்டதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024 செப்டம்பரில் வந்த உங்கள் ஆய்வை எங்கள் அலுவலகத்தில் அச்செடுத்தே வைத்திருக்கிறோம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்கள் இறங்கினார்கள், அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், கட்டணங்களையும் சேர்த்தால் தலைக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அப்புறம் 2025 ஜூலையில் அடுத்த கணக்கு வந்தது. 2024 நிதியாண்டில் 74,812 கோடியாக இருந்த தனிநபர் நஷ்டம் 2025 நிதியாண்டில் 1,05,603 கோடி ஆகிவிட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 250 வர்த்தக நாள் என்று வைத்து வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 420 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது.

இதையெல்லாம் நாங்கள் தெரிந்துகொண்டபோது அந்த நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. விற்றுமுதல் மட்டும் அன்றன்றைக்குச் சாயங்காலமே வந்துவிடுகிறது.

அந்த விற்றுமுதல் எப்படி எண்ணப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். தேசியப் பங்குச்சந்தையின் குறியீடான நிஃப்டியின் ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் வாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு, 2024 நவம்பரில் 25-லிருந்து 75 ஆனது. அந்த 75 கணக்கிலேயே பார்ப்போம். ஒப்பந்தம் முடிகிற எக்ஸ்பைரி அன்று மத்தியானம் ஒரு பையன் 24,000 ஸ்டிரைக் கால் ஆப்ஷனை, அதாவது நிஃப்டியை 24,000 விலையில் வாங்கும் உரிமையை, ஒன்று 5 ரூபாய் வீதம் ஒரு லாட் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கையிலிருந்து பிரீமியமாகப் போவது 375 ரூபாய். ஒப்பந்தத்தின் முழு மதிப்பையும் எண்ணுகிற நோஷனல் கணக்கில் உங்கள் அட்டவணையில் ஏறுவதோ 18,00,375 ரூபாய். இப்படிக் கூட்டித்தான் லட்சம் கோடிகளில் தினசரி எண் வருகிறது. பிரீமியக் கணக்கையும் பக்கத்திலேயே போடுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் தலைப்புச் செய்தியில் எது ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

சந்தைகளுக்கே இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. செபிக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்தை மும்பை பங்குச்சந்தை ஆப்ஷன்களுக்கு பிரீமியத்தின் மேல்தான் கணக்கிட்டுக் கட்டி வந்தது. நோஷனல் மதிப்பின் மேல் கட்டு என்று 2024 ஏப்ரலில் செபி சொன்னதும் அதன் பங்கு விலை சடசடவென்று சரிந்தது. பெருமையாகச் சொல்ல ஒரு கணக்கு, காசு கட்ட இன்னொரு கணக்கு. எங்கள் வாடிக்கையாளர் யாராவது இப்படி இரண்டு கணக்கு வைத்திருந்தால் வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கும்.

இப்போது எங்களிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுத வைத்ததே அவன்தான்.

ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசர். வயது 26. சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்திருந்ததால் கணக்குத் தாக்கல் செய்ய வந்தான். புரோக்கர் அனுப்பிய லாப நஷ்டப் பட்டியலை அவனுடைய போனில் திறந்து பார்த்தோம். முழுக்க முழுக்க ஆப்ஷன். பெரும்பாலும் எக்ஸ்பைரி நாட்கள், மத்தியானம் ஒன்றரைக்கு மேல், ஐந்து ரூபாய், எட்டு ரூபாய் ஆப்ஷன்கள். டெலிகிராம் குழுக்களில் இதற்கு ‘ஹீரோ ஜீரோ’ என்று பெயர். ஐந்து ரூபாய் ஐம்பது ஆனால் ஹீரோ. வருடம் முழுவதும் கூட்டினால் வர்த்தகத்தில் நஷ்டம் 2 லட்சத்து 80 ஆயிரம். அது போக புரோக்கரேஜ், பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி, முத்திரைத் தீர்வை, செபி கட்டணம் எல்லாம் சேர்த்து 60 ஆயிரத்துக்கு மேல். பாதிப் பணம் வீட்டு நகையை அடகு வைத்து எடுத்தது என்பதை அப்புறம்தான் சொன்னான்.

அவன் கேட்டது ஒன்றுதான். “ஏனுங்கண்ணா, இந்த நஷ்டத்தக் காட்டுனா சம்பளத்துல புடிச்ச டிடிஎஸ் திரும்பி வருங்களா?”

வராது. எஃப் அண்ட் ஓ நஷ்டம் சட்டப்படி வியாபார நஷ்டம். அதைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று, பின்னால் வியாபார லாபம் வந்தால் அதில் கழிக்கலாம். இதை நான் சொன்னதும் அவன் முகம் தெளிந்துவிட்டது. “அப்ப எட்டு வருசம் டைம் இருக்குதுங்களா?” என்றான். நஷ்டத்தை லாபமாக்க எட்டு வருடம் இருக்கிறது என்று அவன் எடுத்துக்கொண்டான் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

ஆப்பைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை வருமே, அதைப் படித்ததில்லையா என்று கேட்டேன். எஃப் அண்ட் ஓவில் பத்தில் ஒன்பது தனிநபர்களுக்கு நிகர நஷ்டம் என்று தொடங்குகிற அந்த வாசகத்தை 2023 ஜூலையிலிருந்து எல்லா புரோக்கர்களும் காட்ட வேண்டும் என்று நீங்கள்தான் உத்தரவிட்டீர்கள். நல்ல உத்தரவு. அவன் சொன்னான்: “அதுங்களா, ஓக்கே குடுத்தாத்தான் ஆப்பு ஓப்பனே ஆகுமுங்க.” அவன் திரையில் அது ஆங்கிலத்தில் இருந்தது. கம்பெனிக்காக வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறவன்தான் அவன். ஆனால் காலையில் அவசரமாக ஒரு பட்டனைத் தேடுகிற கைக்கு எந்த மொழியும் வேகத்தடை ஆவதில்லை. அதிலும் அந்த வாசகம் 2022 நிதியாண்டுக் கணக்கை வைத்து எழுதியது. நஷ்டப்பட்டவர்களின் சராசரி நஷ்டம் 50,000 ரூபாய்க்கு அருகில் என்று அது சொல்கிறது. அதற்குப் பிறகு நீங்களே இரண்டு ஆய்வுகள் வெளியிட்டு, தொகை எங்கேயோ போய்விட்டதைக் காட்டிவிட்டீர்கள்.

இவன் ஒருவன் கதையை வைத்து சந்தையையே எடைபோடாதீர்கள் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம். ஆனால் உங்கள் ஆய்வில் இருப்பதும் இவன்தானே? 30 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 2023 நிதியாண்டில் 31 சதவீதமாக இருந்து அடுத்த ஆண்டே 43 சதவீதம் ஆனார்கள் என்கிறது அது. நால்வரில் மூவரின் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ். பெரும்பாலானோர் முதல் முப்பது நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள்.

எதிர்ப்பக்கத்தையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். 2024 நிதியாண்டில், கட்டணங்களைக் கழிப்பதற்கு முன், சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களுக்கு 33,000 கோடி லாபம், வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு 28,000 கோடி. தனிநபர்களுக்கு 61,000 கோடிக்கு மேல் நஷ்டம். கூட்டிப் பார்க்க கால்குலேட்டர் தேவையில்லை. அந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கணினி நிரல்கள் மூலம் ஈட்டியது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. மேசையின் அந்தப் பக்கம் அல்காரிதம், இந்தப் பக்கம் டீ இடைவேளையில் போனைப் பார்க்கிற பையன்.

மாதாமாதம் இதைக் கணக்கிடுவது கடினம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு ஆர்டரும் பான் எண்ணோடு இணைந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் இரவுக்குள் ஒவ்வொருவர் கணக்கிலும் மார்ஜின் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எண்ணி முடிக்கிறீர்கள். பங்குகளுக்கு மறுநாளே பணத்தைத் தீர்க்கிற முறையை 2023 ஜனவரியில் முழுமையாகக் கொண்டுவந்து உலகத்துக்கே வழிகாட்டினீர்கள். தேசியப் பங்குச்சந்தையின் மாதாந்தர மார்க்கெட் பல்ஸ் அறிக்கையில் எந்த மாநிலத்திலிருந்து எத்தனை புது முதலீட்டாளர்கள் வந்தார்கள் என்று வகைவகையாக வரைபடம் இருக்கிறது. 2025 ஜனவரியில் முதலீட்டாளர் எண்ணிக்கை 11 கோடியைத் தாண்டியது. உள்ளே வருகிறவர்களைத் தலை எண்ணத் தெரிகிறது, கைவிட்டுப்போன காசை எண்ணுவதற்கு மட்டும் ஆய்வுக் குழு வேண்டுமா?

அமெரிக்க வர்த்தக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் விவகாரத்தில் 2025 ஜூலை 3 அன்று நீங்கள் பிறப்பித்த இடைக்கால உத்தரவைப் பார்த்தோம். 4,843.57 கோடி ரூபாயை முடக்கச் சொன்ன உத்தரவு. குறியீட்டைச் செயற்கையாக ஆட்டுவித்து ஆப்ஷனில் லாபம் பார்த்தது என்ற குற்றச்சாட்டை அந்த நிறுவனம் மறுக்கிறது, தீர்ப்பை உரியவர்கள் சொல்லட்டும். நான் வியந்தது வேறு விஷயத்துக்கு. 2024 ஜனவரி 17 அன்று காலையில் எந்த நேரத்தில் பேங்க் நிஃப்டி பங்குகள் எவ்வளவுக்கு வாங்கப்பட்டன, அதே நேரம் ஆப்ஷனில் என்ன நடந்தது, மதியம் என்ன ஆனது என்று மணிக்கணக்கோடு பிரித்துப் போட்டிருந்தீர்கள். நினைத்தால் உங்களால் முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. எங்கள் கொங்குப் பக்கம் ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வோர் ஊரில் சந்தை கூடும். 2024 நவம்பர் வரை குறியீட்டு ஆப்ஷன்களின் வாராந்தர எக்ஸ்பைரியை நீங்களும் அதே மாதிரிதான் நடத்தினீர்கள். திங்கள் மிட்கேப், செவ்வாய் ஃபின்நிஃப்டி, புதன் பேங்க் நிஃப்டி, வியாழன் நிஃப்டி, வெள்ளி சென்செக்ஸ். சனி ஞாயிறு மட்டும் விட்டுவைத்தீர்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பிறகு ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டில்தான் வாராந்தர எக்ஸ்பைரி என்று கட்டுப்படுத்தினீர்கள், லாட் மதிப்பைக் குறைந்தது 15 லட்சமாக உயர்த்தினீர்கள். நல்ல முடிவுகள், மனதார வரவேற்றோம். ஆனால் அதன் பிறகும், எக்ஸ்பைரி நாளில் குறியீட்டு ஆப்ஷன் விற்றுமுதல் ரொக்கச் சந்தையைப் போல பல நேரம் 350 மடங்குக்கும் மேல் போகிறது என்று செபியின் முழுநேர உறுப்பினரே 2025 ஜூலையில் பேசினார். கான்ட்ராக்ட் எண்ணிக்கையில் உலகத்திலேயே நாம்தான் முதலிடமாம். பதக்கத்தை எந்தச் சுவரில் மாட்டுவது? அந்தப் பையன் வீட்டில் நகை இருந்த பீரோ காலியாகத்தான் இருக்கிறது, அங்கே இடம் இருக்கும்.

அரசையும் சொல்லத்தான் வேண்டும். ஆப்ஷனை விற்று வெளியே வரும்போது, நஷ்டத்தில் விற்றாலும் பரிவர்த்தனை வரி உண்டு. 2024 அக்டோபரில் அதை 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாக உயர்த்தினார்கள். கூட்டத்தைக் குறைக்கத்தான் என்றார்கள். போட்டு முடித்தபின் வெட்டுகிற வரியை எவன் முன்கூட்டியே பார்க்கிறான்? கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து படிக்கிற பழக்கம் இருந்தால் அவன் எங்களிடம் ஏன் வருகிறான்?

சரி, கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன். ஆப்ஷனைத் தடை செய்யுங்கள் என்று கேட்கவில்லை. கையில் இருக்கும் பங்குகளுக்குக் காப்பாகப் புட், அதாவது குறித்த விலையில் விற்கும் உரிமை, வாங்கி வைக்கிறவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களிலேயே உண்டு. அவர்களுக்கு இந்தச் சந்தை வேண்டும். வயது வரம்பு, தேர்வு, வருமானச் சான்று என்று பலரும் பல யோசனை சொல்கிறார்கள். அவற்றையெல்லாம் நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கெல்லாம் காத்திருக்காமல், புதுச் சட்டம் எதுவும் இல்லாமல், அடுத்த மாதமே செய்யக்கூடியது அந்த அட்டவணை. விற்றுமுதல் வருகிற இடத்தில், அதே எழுத்தளவில், அந்த மாதத்தின் தனிநபர் நிகர நஷ்டமும் வர வேண்டும். புரோக்கர் ஆப்பின் எச்சரிக்கைப் பெட்டியிலும் 2022 கணக்கை எடுத்துவிட்டு அந்த எண்ணையே மாதாமாதம் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் ஆப்பில் தேர்ந்தெடுத்த மொழியிலேயே அது வரட்டும்.

முடிந்தால் மாவட்ட வாரியாகவும் கொடுங்கள். திருப்பூர் எண்ணை எங்கள் அலுவலக வாசலில் ஒட்டிவைக்கிறேன். காகிதச் செலவு என்னுடையது.

இது குறித்து உங்கள் முடிவைச் செபி புல்லட்டினின் அடுத்த இதழிலேயே தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரிக் கணக்கு எழுதுபவன்,
திருப்பூர்.