இடது கைக்காகக் கேட்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், கியர் மாற்ற இடது கையால் கிளட்ச் லீவரைப் பிடிக்கத் தேவையில்லாத மோட்டார் சைக்கிள்கள் குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். விவரமான கட்டுரைதான். ஆனால் இந்த வசதியால் ஓட்டுகிறவரின் திறமை அழிந்துவிடும், இது கிளட்ச் பிடிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கான ஆடம்பரம் என்று அதை முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கொல்லிமலையில் கால்நடை ஆய்வாளர். வயது 53. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பது சுற்றுலா வருகிற எல்லோருக்கும் தெரியும். மேலே வந்த பிறகு வளப்பூர்நாடு, குண்டூர்நாடு, திருப்புளிநாடு என்று பிரியும் வழிகளில் உள்ளே இருக்கிற சிற்றூர்களுக்கு எப்படிப் போவது என்பது அங்கே மாடு வளர்க்கிறவர்களுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும்தான் தெரியும். தார் முடிகிற இடத்தில் சரளை தொடங்கும். சரளை முடிகிற இடத்தில் செம்மண். ஐப்பசி மழையில் அந்தச் செம்மண் சோப்பு தேய்த்த தரை மாதிரி ஆகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாடுகளுக்குக் கோமாரி நோய்த் தடுப்பூசி போடும் சுற்று வரும். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும் என்பதால் பின் கேரியரில் ஐஸ் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவேன். வெயில் ஏறுவதற்குள் மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்விடும். ஆகவே விடியற்காலையில், பனியில், இந்தப் பாதைகளில் ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு.

இதற்கென்றே ஆறு ஆண்டுகளுக்கு முன் ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். 411 சிசி. முன் சக்கரம் 21 அங்குலம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில் அடிப்பாகம். கல்லில் இடிக்காது, குழியில் விழுந்தாலும் எழுந்து வரும். அவசரப்படாமல் இழுக்கிற இன்ஜின். வண்டியின்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குறை என் இடது கையில் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளாகக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று நாமக்கல்லில் மருத்துவர் சொன்னார். இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு படுக்கிறேன். கையை இறுக்கிப் பிடிக்கும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். கன்றுக்கு அடையாள எண் கொண்ட காதுவில்லை போடும்போது ஒரு கையால் காதைப் பிடித்து மறு கையால் கருவியை அழுத்துவேன். இப்போது காதைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வேலையிலாவது உதவிக்கு ஆள் உண்டு. கிளட்சை எனக்காக வேறு யார் பிடிப்பார்கள்? சுண்டுவிரலில் மட்டும் உணர்வு குறையவில்லை. அதனால் அதையும் மோதிர விரலையும் கொண்டு கிளட்ச் பிடிக்கப் பழகியிருக்கிறேன். ஒரு நாள் ஏறும்போது எண்ணிப் பார்த்தேன். காரவள்ளியிலிருந்து மலைமேல் இருக்கும் சோளக்காடு வரை 212 முறை அந்த லீவரை இழுத்திருந்தேன்.

போன சுற்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு வளைவில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலிருந்து பஸ் இறங்கியது. அந்த வளைவில் பஸ் திரும்புவதற்குச் சாலை முழுவதும் வேண்டும் என்பதால் ஓரமாக நின்றேன். பஸ் கடந்த பிறகு வண்டியை எடுக்க வேண்டும். மேட்டில் நின்ற வண்டியை எடுப்பது எப்படி என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். வலது காலால் பின் பிரேக்கை அழுத்தியபடி, வலது கையால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி, இடது கையால் கிளட்சை மெல்ல விட வேண்டும். பாதி விட்டதும் வண்டி முன்னால் இழுக்கும். அந்த இழுப்பு விரல் நுனியில் தெரியும். தெரிந்த பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுப்போம். என் விரல் நுனியில் அது தெரியவில்லை. லீவர் நழுவியது, இன்ஜின் அணைந்தது, வண்டி ஒரு குலுக்கலோடு நின்று பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தது. தடுப்புச் சுவர் இருந்ததால் நான் இதை எழுதுகிறேன். ஐஸ் பெட்டி உருண்டு திறந்துகொண்டது. கீழே நின்ற பஸ்ஸிலிருந்து நடத்துநர் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார். நான் குப்பிகளைப் பொறுக்கினேன். இரண்டு உடைந்திருந்தன. அன்றைக்கு ஊசிக்காகக் காத்திருந்த ஊரில், தன் பசுவைக் கட்டிப்போட்டு வைத்திருந்த ஒரு அம்மாவிடம், மருந்து போதவில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு ஒரு விற்பனை நிலையத்தில் விசாரித்தேன். "இந்த வயதில் எதற்கு சார் இது, ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளுங்களேன்" என்றார் அங்கிருந்த இளைஞர். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அவர் மலையில் ஸ்கூட்டர் ஓட்டியதில்லை. பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டர், இறக்கத்தில் கியர் வண்டியைப் போல இன்ஜினைக் கொண்டு வேகத்தை அடக்காது. 70 வளைவும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் பாதி வழியில் பிரேக் சூடேறி பிடிமானம் குறையும். சின்னச் சக்கரம் சரளையில் என்ன செய்யும் என்பதைச் சொல்லவே வேண்டாம். மலைக்கு வேண்டியது கியர்தான். இரண்டாவது கியரில் போட்டு, இன்ஜின் தடுக்கத் தடுக்க இறங்க வேண்டும். கியர் வேண்டும், கிளட்ச் லீவரை இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம் என்பதே என் நிலை.

அப்படி ஒன்று உண்டு என்று சேலத்தில் தெரிந்தவரின் மகன் மூலம் அறிந்தேன். ஹோண்டாவின் சிபி650ஆர் வைத்திருக்கிறார், இ-கிளட்ச், அதாவது தானாக இயங்கும் கிளட்ச் பொருத்தியது. நான்கு சிலிண்டர் வண்டி, நகரத்துக்கானது, மலைப் பாதைக்கு ஆகாது. ஆனாலும் ஒரு காலையில் அதை ஏற்காடு அடிவாரத்துக்குக் கொண்டுபோய் என்னிடம் கொடுத்தார். வேண்டுமென்றே ஏற்றத்தில் நிறுத்தினேன். இடது கையின் விரல்களை விரித்து, உள்ளங்கையை மட்டும் கைப்பிடியின்மேல் வைத்துக்கொண்டேன். முதல் கியரில் போட்டு ஆக்சிலேட்டரைத் திருகினேன். வண்டி தானாகப் பிடித்து, ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறியது. இரண்டு முறை, மூன்று முறை நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். காலால் கியர் மாற்றினேன். கிளட்ச் வேலையை அது பார்த்துக்கொண்டது. மூன்றாவது கியரில் மிகவும் மெதுவாக்கியபோது, கியரைக் குறைக்கச் சொல்லி முகப்பில் எண் மினுக்கியது. இன்ஜின் அணையவில்லை. திரும்பி வந்து வண்டியைக் கொடுக்கும்போது அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்து, "என்ன அங்கிள், கை வலிக்கிறதா?" என்று கேட்டான். வலிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் ஒரு வண்டியிலிருந்து இறங்கும்போது கை வலிக்காதது அதுதான் முதல் முறை.

இதன் உள்ளமைப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்ஜினின் வலது மூடியில் இரண்டு சிறிய மோட்டார்கள் இருக்கின்றன. சக்கர வேகம், இன்ஜின் வேகம், ஆக்சிலேட்டரின் திறப்பு, கியர் மிதியில் கால் கொடுக்கும் அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து அந்த மோட்டார்கள் கிளட்சைப் பிடித்து விடுகின்றன. 2023 நவம்பரில் இத்தாலியின் மிலான் மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் இதை முதலில் காட்டினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. கிளட்ச் லீவர் அப்படியே இருக்கிறது. ஓட்டுகிறவர் எந்த நேரத்திலும் அதை இழுக்கலாம். இழுத்தால் அவர் சொன்னபடி கேட்கும். வேண்டாம் என்றால் மோட்டாரை முழுவதும் அணைத்தும் வைக்கலாம். யமஹா 2024-இல் எம்டி-09-இல் கொண்டுவந்த முறையிலும், பிஎம்டபிள்யூ தன் 1300 சிசி பெரிய வண்டியில் கொண்டுவந்த முறையிலும் லீவரே கிடையாது. சேற்றில் சக்கரம் சுழலும்போது கையால் கிளட்சை விட்டுப் பிடித்து மீள்கிற பழக்கம் உள்ள நாங்கள் லீவரை இழக்க விரும்ப மாட்டோம். கை நன்றாக இருக்கிற நாளில் நான் பிடிப்பேன். மரத்துப்போன நாளில் அது பிடிக்கட்டும்.

ஆகவே ஓட்டுகிறவரின் திறமை அழிந்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. வளைவில் எந்தக் கியரில் நுழைவது, எங்கே பிரேக்கை விடுவது, எதிரில் வருகிற லாரி எவ்வளவு அகலம் எடுத்துக்கொள்ளும் என்ற கணக்குகளை அந்த மோட்டார்கள் போடுவதில்லை. ஹோண்டா 1958-இல் சூப்பர் கப் வண்டியைச் செய்தபோது, ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டிய கடைப் பையன்களை மனத்தில் வைத்துத்தான் கிளட்ச் லீவரை எடுத்தார்கள். வேலை செய்கிற கைக்காகப் பிறந்த ஏற்பாடு இது. எங்கள் நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். லாரிகளிலேயே கிளட்ச் மிதி இல்லாத கியர் வந்துவிட்டது. அவர்களைச் சோம்பேறி என்று யாரும் எழுதவில்லை.

இனி என் கோரிக்கை. ஹோண்டா இதே இ-கிளட்சைத் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற தன் நடுத்தர அட்வென்ச்சர் வண்டிகளான என்எக்ஸ்500, டிரான்ஸால்ப் 750 ஆகியவற்றுக்கும் 2025-இன் பிற்பகுதியில் ஐரோப்பாவில் அறிவித்துவிட்டது. எனக்கு வேண்டிய வண்டி ஏறக்குறைய அந்த என்எக்ஸ்500-தான்: 471 சிசி, 19 அங்குல முன் சக்கரம். ஆனால் இ-கிளட்ச் இல்லாத சாதாரண என்எக்ஸ்500 வண்டியே 2024 ஜனவரியில் இங்கே வந்தபோது 5 லட்சத்து 90 ஆயிரம். அதன் பிறகு 2025 செப்டம்பரில் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதமாகிவிட்டது. என் சம்பளத்தில் அது நடக்காது. 350 சிசி வரைக்கும் 18 சதவீதம்தான். ஆகவே இந்த வரம்புக்குள் நம் ஊர் நிறுவனம் ஒன்று இதைச் செய்ய வேண்டும்.

செய்ய முடியும் என்று நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஓசூரின் டிவிஎஸ் 2009-இலேயே ஜைவ் என்று கிளட்ச் லீவரே இல்லாத 110 சிசி மோட்டார் சைக்கிளை விற்றது. என்னுடன் வேலை பார்த்த ஒருவர் வைத்திருந்தார், நானும் ஓட்டியிருக்கிறேன். மலைக்கு அதன் வலு போதாது, ஆனால் சமவெளியில் இதமான வண்டி. சந்தையில் அது நிலைக்கவில்லை. அதே நிறுவனம் 2025 அக்டோபரில் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 என்று 299 சிசி அட்வென்ச்சர் வண்டியைக் கொண்டுவந்திருக்கிறது. எடுக்கிற வகையைப் பொறுத்து, ஓடும்போது கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும் வசதியும் உண்டு. பலர் இதையும் தானியங்கிக் கிளட்சையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். அது ஓடுகிற வண்டிக்கு மட்டும் உதவும். நின்ற வண்டியை மேட்டில் எடுக்க இடது கைதான் வேண்டும். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். ஜைவ் செய்த கைகளும் ஆர்டிஎக்ஸ் செய்த கைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மீதி இருக்கிற அந்த ஒரு படியை அவர்கள் ஏறினால் போதும். ஹிமாலயன் செய்கிற சென்னை நிறுவனத்திடமும் இதையே கேட்கிறேன். அவர்கள் வண்டியில் ஆறு ஆண்டுகள் மலையேறியவன் என்ற உரிமையில்.

விலை கூடிவிடும் என்பார்கள். சிபி650ஆர் 2025 மே மாதம் இங்கே இ-கிளட்சோடு வந்தபோது சாதாரண வகையைவிட 40,000 ரூபாய்தான் அதிகம். கார்களில் 2014-இல் கிளட்ச் மிதியை எடுத்துவிட்டு, கியரைத் தானே மாற்றுகிற ஏற்பாடு மாருதி செலேரியோவில், அதாவது எளிய குடும்பங்கள் வாங்கும் காரில்தான் இந்தியாவுக்கு வந்தது. விலையுயர்ந்த கார்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. முழங்கால் வலியுள்ள எத்தனை பேர் அதனால் இன்னும் கார் ஓட்டுகிறார்கள்! பள்ளிபாளையத்தில் விசைத்தறியில் இரண்டு விரல் இழந்த என் உறவினர் ஒருவர், கியர் வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிறார். மோட்டார் சைக்கிளில் மட்டும் இந்த வசதி ஏன் பத்து லட்ச ரூபாய் வண்டியில் தொடங்க வேண்டும்?

வரும் சுற்று முடிந்ததும் மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன். உணர்வு எவ்வளவு திரும்பும் என்பதை அதன் பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர். நான் ஓய்வு பெற இன்னும் 7 ஆண்டுகள் இருக்கின்றன. 14 தடுப்பூசிச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். தயாரிப்பாளர்கள் யாராவது சோதனை வண்டி ஒன்றை மலையில் ஓட்டிப் பார்க்க விரும்பினால், ஐஸ் பெட்டியோடும் மருந்தோடும் ஒரு முழுச் சுற்று ஓட்டிக் காட்ட நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை ஆய்வாளர்,
செம்மேடு, கொல்லிமலை.