கெண்டைக்கால் தழும்பு

பொகவந்தலாவை

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதமாகிறது. கோத்தகிரியிலிருந்து நீ கொடுத்தனுப்பிய தைலமும் பத்திரமாகக் கிடைத்தது. இரவில் அம்மாவின் முழங்காலுக்குத் தேய்த்துவிடுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தைத் தொடங்கினால், "பழசை எதுக்குடா கிளறுற" என்று நீ முடித்துவிடுவாய். எழுதினால் கடைசிவரை படிப்பாய்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது அவருக்கு 85 வயது. மறதி நோய் வந்து மூன்று வருடம். காலையில் தின்ற ரொட்டி பத்து நிமிடத்தில் மறந்துபோகிறது. தங்கச்சியின் மகளைப் பார்த்து "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்கிறார். ஆனால் 1975இல் ஹட்டன் ஸ்டேஷனில் நீங்கள் இந்தியாவுக்குப் போகக் கோச்சி (ரயில்) ஏறிய நாள் அவருக்கு நேற்று நடந்தது மாதிரி. உன் அம்மா கட்டியிருந்த சேலையின் நிறம், உன் தகரப் பெட்டியில் வெள்ளை பெயின்டில் எழுதியிருந்த பெயர், ஒப்பாரி வைத்த கிழவிகள், எல்லாம் வரிசையாக வருகிறது.

விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு சும்மா இருக்க முடியுமா? தேடித் தேடிப் படித்தேன். மூளையில் காதுக்கு நேர் உள்ளே, கடற்குதிரை மாதிரி வளைந்த ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஹிப்போகெம்பஸ் என்பார்கள். இன்று நடந்ததை நாளைக்கு நினைவாக வைத்திருக்க அது வேண்டும். அல்சைமர் நோய் முதலில் கைவைப்பது அதிலும் அதை ஒட்டிய இடங்களிலும்தான். பழைய நினைவுகள் வருடக்கணக்கில் மூளையின் மேற்புறணியில் ஊறிப்போயிருப்பதால் அவை மெதுவாகத்தான் கழல்கின்றன.

கை நினைவு என்று இன்னொன்றும் இருக்கிறது. சாயங்காலத்தில் அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையும் கம்பளி மேல் ஓடத் தொடங்கும். ரெண்டு இலை ஒரு அரும்பு, ரெண்டு இலை ஒரு அரும்பு, பிறகு கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் ஒரு வீச்சு. தேயிலைக் கொழுந்து போடும் கூடை அங்கே இல்லை. சும்மா கை ஆட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் நடுவில் நிறுத்தி முற்றல் இலையைக் கிள்ளிக் கீழே போடுகிறார்.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்று ஒருவர் இருந்தார். கடுமையான வலிப்பு. 1953இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகெம்பஸின் பெரும்பகுதியையும் அக்கம்பக்கத்தையும் எடுத்துவிட்டார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு புதிதாக எதுவும் மனதில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் கண்ணாடியில் பார்த்து ஒரு நட்சத்திரத்தைக் கோடு தாண்டாமல் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே போனது. ஆனால் ஒவ்வொரு நாளும் அது அவருக்குப் புது வேலை, முன்பு செய்த ஞாபகமே கிடையாது. 2008இல், 82 வயதில் இறந்தார். அதுவரை உலகம் அவரை வெறும் ஹெச்.எம். என்று இரண்டெழுத்தில்தான் அறிந்திருந்தது. அதைப் படித்த பிறகு அம்மாவின் கையைத் தடுப்பதை விட்டுவிட்டேன். தங்கச்சி முன்பெல்லாம் "சும்மா இருங்கம்மா" என்று பிடித்து வைப்பாள். இப்போது அவளும் பிடிப்பதில்லை.

இனி ரொட்டிக் கதை. இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நாலைந்து மாதமாக அம்மா ஒரு காரியம் செய்துவந்தார். இரவில் கொடுக்கும் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, பத்திரிகைத் தாளில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். எறும்பு வருகிறது என்று தங்கச்சிக்குத் தலைவலி. வயதானவர்களின் பதுக்கும் பழக்கம் என்று நினைத்தோம். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"பணிய லயத்துப் புள்ளைக்கு. அடி வாங்கிட்டுப் பட்டினியாக் கெடக்கு," என்றார்.

உன்னைத்தான் சொன்னார். கீழ் வரிசை வீட்டில்தானே நீங்கள் இருந்தீர்கள்.

மரவள்ளிக் கிழங்கு உனக்கு நினைவிருக்கிறதா? 1974. கூப்பனுக்கு மாவு குறைந்து, தோட்டமெல்லாம் வயிறு காய்ந்த காலம். நமக்கு 11 வயது. மேட்டு லயத்துப் பாட்டியின் காய்கறிப் பாத்தியில் நாம் இரண்டு பேரும் கிழங்கு தோண்டினோம். நீ பிடிபட்டாய். உன் அப்பா எல்லோரும் பார்க்கக் கொய்யாக் குச்சியால் அடித்தார்.

இதற்குப் பிறகு என் நினைவில் இருந்தது இதுதான்: நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, "நானும்தான் எடுத்தேன் மாமா" என்று சொன்னேன். எனக்கும் கெண்டைக்காலில் இரண்டு அடி விழுந்தது. அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. 33 வருடம் ஆசிரியராக இருந்தேன் அல்லவா, எந்தப் பிள்ளையாவது தப்புச் செய்துவிட்டு மறைத்தால் காற்சட்டையைக் கொஞ்சம் தூக்கி அந்தத் தழும்பைக் காட்டுவேன். "பயமாகத்தான் இருக்கும், முன்னால் வந்து சொல்லிவிடு, நான் சொன்னேன்" என்பேன். எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள்.

அம்மா சொன்னது வேறு. நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்து, சட்டைக்குள் கிழங்கை வைத்துக்கொண்டு அழுதேனாம். அவர்தான் வந்து தூக்கிக்கொண்டு போனாராம். "அந்தப் புள்ள கடைசி வரைக்கும் உன் பேரச் சொல்லல" என்றார். அந்தக் கிழங்கை அன்றிரவு அவித்து நாங்கள் தின்றோம். உங்கள் வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தனுப்ப நினைத்து, கொடுத்தால் உண்மை தெரிந்துவிடுமே என்று பயந்து விட்டுவிட்டாராம். 50 வருடத்துக்குப் பிறகு அந்தத் துண்டுதான் ரொட்டியாகத் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

நோயாளியின் பேச்சு, எதையோ எதோடோ கலக்கிறார் என்று முதலில் தள்ளிவிட்டேன். மனது கேட்கவில்லை. தங்கச்சியிடம் கிழங்கு விஷயத்தைச் சொல்லாமல், "இந்தத் தழும்பு எப்படி வந்தது தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். "மைதானத்து முள்ளுக்கம்பி கிழிச்சது. நான்தானே மஞ்சள் அரைச்சுப் பூசினேன். அப்ப உங்க கூட்டாளி இந்தியாவுக்குப் போயிட்டாரே," என்றாள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நான் பொய் சொல்லவில்லை, அதை நீ நம்பவேண்டும். கண்ணை மூடினால் அந்தக் குச்சியின் சத்தம் இப்போதும் கேட்கிறது. ஆனால் நினைவு என்பது பெட்டிக்குள் வைத்த படம் இல்லை. எடுக்கும்போதெல்லாம் மூளை அதைத் திரும்பக் கட்டுகிறது. 1974இல், நாம் கிழங்கு தோண்டிய அதே வருடம், எலிசபெத் லொஃப்டஸ் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். வாகன விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, ஒரு பகுதியினரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு பகுதியினரிடம் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "நொறுங்க" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். மற்ற 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஒரே ஒரு சொல் அவ்வளவு செய்யுமென்றால், நான் 33 வருடம் சொன்ன கதை என்னவெல்லாம் செய்திருக்கும்?

2000ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் கரீம் நாடரும் அவருடன் இருந்தவர்களும் எலிகளில் ஒன்றைக் கண்டார்கள். பழைய பய நினைவை மீண்டும் எழுப்பும்போது அது கொஞ்ச நேரத்துக்கு இளகிவிடுகிறது, திரும்ப உறைய மூளையில் புதிதாகப் புரதம் உருவாகவேண்டும். இளகிய அந்த நேரத்தில் நினைவு மாறிப்போகலாம். வகுப்பில் ஒவ்வொரு தடவையும் நான் அதை இளக்கியிருக்கிறேன், பிள்ளைகள் என்னை மதிப்போடு பார்த்த பார்வை சேர்ந்து உறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது வேறோர் ஆய்வு. 2020இல் வந்தது. முன்பின் தெரியாத ஒருவரோடு பணத்தைப் பங்கிடச் சொல்லி, பிறகு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தாங்களே நியாயம் என்று நினைத்த அளவைவிடக் குறைவாகக் கொடுத்தவர்கள், கொடுத்ததைவிடக் கூடக் கொடுத்ததாக நினைவுபடுத்திச் சொன்னார்கள். சரியாகச் சொன்னால் காசு உண்டு என்றபோதும் அப்படித்தான். இவ்வளவுதான் கொடு என்று பிறர் கட்டளையிட்டுக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பிசகு வரவில்லை. அதாவது தன் முடிவு என்று உறுத்தும் இடத்தில்தான் நினைவு பூசி மெழுகுகிறது. எனக்கு உறுத்தியிருக்கிறது. நியாயம் எதுவென்று அந்த 11 வயதிலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறேன்.

மூளைதான் செய்தது, நான் செய்யவில்லை என்று ஒதுங்க எனக்கு மனமில்லை. அந்த மூளையை விட்டால் வேறு எந்த நான் இருக்கிறேன்? அதே சமயம் அந்தப் பொய்க் கதையை நம்பி முன்னால் வந்து உண்மை சொன்ன பிள்ளைகளும் இருந்தார்கள். கதை பொய்யென்பதால் அவர்களுடைய தைரியமும் பொய்யாகுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தைரியத்துக்கான மரியாதை உனக்கு வரவேண்டியது. நான் வாங்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் மறுபடி வருகிறேன். நினைவு போனால் ஆளே போய்விட்டார் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். நினா ஸ்ட்ரோமிங்கர், ஷோன் நிக்கல்ஸ் என்ற இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாரிடம் "இவர் இன்னும் அதே ஆள்தானா?" என்று கேட்டார்கள். நினைவு போனதால் ஆள் மாறிவிட்டதாக அவர்கள் அவ்வளவாகச் சொல்லவில்லை. நேர்மை, இரக்கம் போன்ற குணம் மாறியபோதுதான் சொன்னார்கள். மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் கெடும் மறதி நோயில் அது அதிகம். நம் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவருக்கு அந்த நோய்தான். பெயரெல்லாம் நினைவிருக்கிறது, கணக்கும் வருகிறது. ஆனால் செத்த வீட்டில் சிரிக்கிறார், பேரப்பிள்ளையின் தட்டிலிருந்து பிடுங்கித் தின்கிறார். "நான் கட்டின மனுசன் இவரில்ல" என்று அவர் மனைவி என்னிடம் அழுதார். என் அம்மாவுக்கு என் பெயரே சில நாள் வருவதில்லை, ஆனால் பாதி ரொட்டி எடுத்துவைக்கத் தெரிகிறது. அவர் என் அம்மாதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உனக்கு ஒன்றும் சொல்லாமல், "அன்று என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டு எழுதலாம் என்றும் யோசித்தேன். உண்மையைக் கண்டுபிடிக்க அதுதான் சரியான வழி. இப்போது என் பேச்சு உன் நினைவிலும் கலந்துவிடும். அப்படி ஒரு கடிதம் எழுதியும் வைத்தேன், பிறகு கிழித்துவிட்டேன். அடி வாங்கியவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி இருந்தது. அதனால் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு அப்புறம் உனக்கு என்ன நினைவிருக்கிறதோ எழுது. நான் ஓடி வந்ததாக உனக்கு நினைவிருந்தால் அதையும் எழுது, என் ஆறுதலுக்காக மட்டும் எழுதிவிடாதே.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள். உன் முதுகு வலி இடம் கொடுத்தால் தை பிறந்ததும் வா. யாழ்ப்பாணத்துக்கு நான் வந்து கூட்டிப் போகிறேன். வரும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்: அம்மா எதிர்பார்ப்பது 11 வயதுப் பையனை. நரைத்த தலையோடு நீ உள்ளே வந்தால் உன்னை யாரென்று கேட்பார். ரொட்டியைக் கொடுத்தால் பேசாமல் வாங்கித் தின்றுவிடு.

உன் கூட்டாளி