அயல்நாட்டுப் படைகளின் ஆக்கிரமிப்புப் பகுதிகளில் தாய்மொழிக் கல்வி: மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
வியாசர்பாடி, சென்னை – 39.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிங்காரவேலர் மாளிகை, இராஜாஜி சாலை, சென்னை – 1.

பொருள்: அயல்நாட்டு ஆக்கிரமிப்பிலுள்ள குழந்தைகளின் தாய்மொழிக் கல்வி குறித்த மனுவை வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியமர்ந்த குடும்பம் எங்களுடையது. அங்கே தமிழ்ப் பள்ளி மூடப்பட்டு இரண்டாண்டு கழித்து இங்கு வந்த என் தமக்கை, எழுத்துக்கூட்டவும் மறந்துபோய், தம்மைவிடச் சிறியவர்களோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார நேர்ந்தது. அது அயல்நாட்டுப் படை புகுந்ததால் நேர்ந்ததன்று என்பதை அறிவேன். ஆயினும் அந்த இழப்பை வீட்டில் கண்டவன் என்பதால் இம்மனுவை எழுதுகிறேன்.

ஆக்கிரமித்த நாடு அப்பகுதியின் குழந்தைகளுக்கான கல்வி நிலையங்கள் முறையாக இயங்க உதவ வேண்டும் என்றும், பெற்றோரை இழந்த அல்லது பிரிந்த குழந்தைகளுக்கு இயன்றவரை அவர்தம் நாட்டையும் மொழியையும் சமயத்தையும் சார்ந்தோரைக் கொண்டே கல்வி அளிக்க வேண்டும் என்றும் போர்க்காலத்தில் பொதுமக்களைக் காப்பதற்கான 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 50ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா இதனை ஏற்று, 1960இல் தனிச் சட்டமும் இயற்றியுள்ளது.

நடப்போ வேறு. உக்ரைனிடமிருந்து 2014இல் ரஷ்யா கைப்பற்றிய கிரிமியாவில் 2013–14 கல்வியாண்டில் உக்ரைனிய மொழிவழி பயின்ற மாணவர் 12,694 பேர்; 2016–17இல் எஞ்சியவர் 371 பேர் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவு செய்துள்ளது. உக்ரைனிய மொழிவழிக் கல்வி கிடைக்கச் செய்யுமாறு பன்னாட்டு நீதிமன்றம் 2017 ஏப்ரல் 19 அன்று ரஷ்யாவுக்கு இடைக்கால ஆணையிட்டது. இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின்கீழ் உக்ரைன் வைத்த பிற குற்றச்சாட்டுகளை ஏற்காத அந்நீதிமன்றமே, பள்ளிக்கல்வி மொழி பற்றிய இந்த ஒன்றில் மட்டும் ரஷ்யா கடமை தவறியதாக 2024 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்தது. பெற்றோரே மொழியை மாற்றிக்கொண்டனர் என்ற வாதமும் ரஷ்யத் தரப்பில் அங்கு வைக்கப்பட்டது. ஆட்சி கைமாறிய ஊரில் விருப்பப் படிவத்தை நிரப்பும் பெற்றோரின் கை எவ்வளவு தயங்கியிருக்கும் என்பதை, சேர்க்கை மேசையில் பல்லாண்டு அமர்ந்தவன் என்ற முறையில் என்னால் ஊகிக்க முடிகிறது.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர முயல வேண்டும் என்று 1956லேயே அரசியலமைப்பில் 350அ பிரிவைச் சேர்த்த நாடு நம்முடையது. தெலுங்கு, உருது வழியில் மாநகராட்சிப் பள்ளிகள் நடத்தும் நகரம் இது. எனவே, எந்த நாட்டின் ஆக்கிரமிப்பாயினும் 50ஆம் பிரிவு மதிக்கப்பட வேண்டுமென இந்திய அரசு ஐ.நா. அவைகளில் வெளிப்படையாக வலியுறுத்தக் கோரும் இம்மனுவைத் தங்கள் பரிந்துரையுடன் வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பி, அதன் விவரத்தை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: சென்னை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)