பின் ஆசனப் பெல்ட்டை உறைக்குள்ளிருந்து வெளியே எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஏ-9 வீதியில் வான் விபத்து என்று பத்திரிகையில் வந்தால் சாரதி நித்திரை கொண்டாரா, மாடு குறுக்கே வந்ததா, வேகம் எவ்வளவு என்றுதான் எங்கள் ஊரில் கதைப்பார்கள். உள்ளே இருந்தவர்கள் பெல்ட் போட்டிருந்தார்களா என்று கேட்கிற ஆளைக் காண்பது அரிது. யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்து வாகனம் திருத்துகிறவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

எங்களிடம் வருகிற கார்களிலும் வான்களிலும் முன் ஆசனப் பெல்ட் இரண்டும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். 2011 முதல் அது சட்டப்படி கட்டாயம், போடாவிட்டால் பொலிஸ் மறிக்கும். பின் ஆசனத்துக்கு வந்தால் கதை வேறு. சீற் கவர் போட்டபோதே பெல்ட் கொழுவும் பூட்டை உள்ளே தள்ளி, உறையை மேலால் இறுக்கி இழுத்திருப்பார்கள். உறையை நீக்கிப் பார்த்தால் பூட்டின் வாய்க்குள் கச்சான் கோதும் ரொபித் தாளும் சில்லறைக் குற்றியும் கிடக்கும். பெல்ட்டின் உலோக நாக்கைச் செருகினால் பிடிக்காது. வாகனம் வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெல்ட்டை ஒருவரும் தொட்டதில்லை என்பது பார்த்த உடனேயே விளங்கும்.

“பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்கு என்னத்துக்கு பெல்ட்?” என்று கேட்கிறார்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் மோதி நின்றால், உள்ளே கட்டுப்படாமல் இருப்பவரின் உடம்பு அதே 50இல் முன்னே போகும். பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, நிலத்தில் விழும் வேகம் அது. பின்னால் இருப்பவர் அந்த வேகத்தில் முன் ஆசனத்தில் போய் அடிபடுவார். முன்னால் இருப்பவர் பெல்ட் போட்டிருந்தாலும் பின்னால் வருகிற பாரம் அவரையும் நசுக்கும். மகன் ஓட்ட, அம்மா பின்னால் பெல்ட் இல்லாமல் இருந்தால் ஆபத்து இரண்டு பேருக்கும்தான்.

மடியில் பிள்ளையை வைத்திருப்பதைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். பத்துக் கிலோ நிறையுள்ள குழந்தை, அதே 50 கிலோமீற்றர் வேகம், பத்தில் ஒரு செக்கனில் வாகனம் நிற்கிறது என்று கணக்குப் போட்டால், அந்த நேரம் தாயின் கைகள் 140 கிலோ பாரத்தைப் பிடித்து வைத்திருக்கவேண்டும். எந்தத் தாயாலும் முடியாது. தாயும் பிள்ளையும் ஒரே பெல்ட்டுக்குள் இருந்தால் தாயின் உடம்பே பிள்ளையை நெரிக்கும். கனடாவிலும் இங்கிலாந்திலும் எங்கள் சொந்தக்காரர் தங்கள் காரில் குழந்தை ஆசனம் பூட்டாமல் கைக்குழந்தையை ஏற்றமாட்டார்கள், அங்கே அது சட்டம். அதே பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து இரவிரவாக அம்மம்மாவின் மடியில் வருகிறார்கள். பார்க்க எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

பெல்ட்டைப் போடுகிற முறையும் முக்கியம். கீழ்ப்பட்டி இடுப்பெலும்பில் படியவேண்டும். வயிற்றுக்கு மேல் ஏறி இருந்தால் மோதும்போது குடலையும் முள்ளந்தண்டையும் தாக்கும். மேற்பட்டி தோள் எலும்பின் நடுவால் நெஞ்சுக்குக் குறுக்கே வரவேண்டும். கலியாண வீட்டுக்குப் போகும்போது சாறி கசங்கும் என்று அதைக் கமக்கட்டுக்குக் கீழால் விடுகிறார்கள். அப்படி விட்டால் விலா எலும்பு முறிந்து ஈரலில் குத்தக்கூடும். பிள்ளைத்தாய்ச்சிகளும் பெல்ட் போடத்தான் வேண்டும். கீழ்ப்பட்டி வயிற்றுக்குக் கீழே, மேற்பட்டி மார்புகளுக்கு நடுவே. காற்றுப்பை இருக்கிறதே என்று முன்னால் இருப்பவர் பெல்ட்டை விடக்கூடாது. பெல்ட் போட்டவருக்குத் துணையாகச் செய்யப்பட்டதுதான் காற்றுப்பை. பெல்ட் இல்லாமல் முன்னால் சரிகிற முகத்தில் அது விரிந்தால் அதுவே காயப்படுத்தும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பட்டியை முழுக்க இழுத்து ஓரம் பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெடுக்கென்று இழுத்தால் பிடிக்கவேண்டும், விட்டால் தானாகச் சுருளவேண்டும். ஊத்தையைப் பெற்றோலாலும் பிளீச்சாலும் துடைக்காதீர்கள், நூல் பலம் இழக்கும். சவர்க்காரத் தண்ணீர் போதும். பலமாக மோதிய வாகனத்தின் பெல்ட்டை மாற்றியே ஆகவேண்டும். உடைத்து விற்கிற வாகனத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று அந்தப் பெல்ட்டை வாங்கிப் பூட்டுவது வீண்.

2025இல் அதிவேக நெடுஞ்சாலைகளில் பின்னால் இருப்பவருக்கும் பெல்ட் கட்டாயமாக்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் அதிவேக நெடுஞ்சாலை எதுவும் வடக்குக்கு வரவில்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீளமான ஏ-9இல், வவுனியா தாண்டிய நேர் வீதியில் இரவில் என்ன வேகத்தில் ஓடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சட்டம் இந்த வீதிக்கும் வரவேண்டும். சொந்தக் காருக்கு வருடாந்த வரிப் பத்திரம் எடுக்கப் புகைச் சோதனையும் காப்புறுதியும் கேட்கிறார்கள். பின் பெல்ட் வேலை செய்கிறதா என்பதையும் அதோடு பார்க்க ஏற்பாடு செய்யும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரைக்கும், கொழும்புக்கு வான் பேசுகிறவர்கள் வாடகை கேட்கும்போதே “எல்லாச் சீற்றுக்கும் பெல்ட் வேலை செய்யுமோ?” என்று கேளுங்கள். வான் வைத்திருப்பவர்கள் சீற் கவர்காரரிடம் சொல்லிப் பூட்டு வெளியே வர உறையில் வாய் வெட்டுவியுங்கள். சின்ன வேலை, கையோடு செய்து தருவார்கள்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
கோண்டாவில்.